விரல் மையும் விரல் நுனியும்

செய்தி பரவும் முறை மாறும்போதெல்லாம் மக்கள் ஆளப்படும் முறையும் மாறி வந்திருக்கிறது. முரசறைந்து ஆணை சொன்ன காலத்தில் பேசும் உரிமை அரசனுக்கும் கேட்கும் கடமை குடிகளுக்கும் இருந்தன. அச்சு இயந்திரம் வந்தபோது எழுத்தறிந்தோர் பேசத் தொடங்கினர். வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபோது ஒருவர் குரல் ஒரே வேளையில் ஒரு நாடு முழுவதும் ஒலித்தது. இணையம் வந்த பின்னரோ, கேட்பவர் ஒவ்வொருவரும் பேசுபவராகவும் ஆகிவிட்டார். ஆசிரியர் மேசையும் இல்லை, அச்சுக்கோப்பவர் இல்லை, உரிமம் கேட்பவர் இல்லை. விரல் நுனி பட்டால் போதும், சொல் பறந்துவிடுகிறது. இது மக்களாட்சிக்கு வாய்த்த பேறா, வந்த கேடா என்ற வினா இன்று உலகமெங்கும் எழுந்துள்ளது. ஒரு சொல்லில் விடை சொல்ல இயலாத வினா இது. ஆயினும் ஒரே நாளில் நடந்த இரு நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விடையின் திசையேனும் புலப்படும்.

அந்த நாள் 2018ஆம் ஆண்டு மே மாதம் 9, புதன்கிழமை. மலேசியாவின் பதினான்காம் பொதுத்தேர்தல் நடந்த நாள். வேலை நாளின் நடுவே வாக்களிப்பு வைக்கப்பட்டதால், வெளியூர்களில் பணிபுரிந்தோர் சொந்த ஊர் திரும்புவது அரிதாயிற்று. அப்போது முன்பின் அறியாதவர்கள் முகநூலிலும், புலனம் என்று இந்நாட்டுத் தமிழர் வழங்கும் வாட்ஸ்அப்பிலும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டனர். காரில் இடம் இருந்தவர் இடம் தந்தார். பணம் இருந்தவர் பயணச்சீட்டுக்குப் பணம் தந்தார். வெளிநாடுகளில் வாழ்ந்தோர்க்கு அஞ்சல் வாக்குச் சீட்டுகள் காலந்தாழ்ந்து கிடைத்தன. வாக்களிப்பு நாள் மாலை 5 மணிக்குள் அவை தத்தம் தொகுதிக்குத் திரும்பிவிட வேண்டும். அஞ்சலில் அனுப்ப நேரமில்லை. எனவே அயல்நாட்டு விமான நிலையங்களில், தாயகம் புறப்பட்ட முகமறியாப் பயணிகளிடம் உறையிட்ட சீட்டுகள் ஒப்படைக்கப்பட்டன. இங்கே தன்னார்வலர் காத்திருந்து அவற்றைப் பெற்று, ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தனர். அன்றிரவு, 1957 முதல் ஒரே கூட்டணியின் கையில் இருந்த நடுவண் ஆட்சி முதன்முறையாக மாறியது. துப்பாக்கி ஒலிக்கவில்லை, ஒரு கண்ணாடிச் சன்னலும் உடைபடவில்லை.

அதே நாளில், தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த ஒரு சிற்றூரில் வேறொன்று நடந்தது. சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தார் தங்கள் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் சென்றனர். அவர்களுள் மலேசியாவிலிருந்து சென்ற உறவினரும் இருந்தனர். வழி கேட்க வண்டி நின்ற இடத்தில், 65 வயது மூதாட்டி அங்கு விளையாடிய குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் புகுந்திருப்பதாகப் பொய்ச் செய்தியும் படங்களும் அதற்குப் பல நாள் முன்பிருந்தே வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தன. அதை நம்பியிருந்த கூட்டம் அவர்களைச் சூழ்ந்தது. மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். உடன் சென்றோர் படுகாயமுற்றனர். பேரன் பேத்தி வயதுக் குழந்தைகளைக் கண்டு கை நீட்டியது தவிர அந்த அம்மையார் செய்த குற்றம் வேறில்லை.

ஒரு கருவி, ஒரே நாள். ஒரு நாட்டில் அந்தக் கருவி முகமறியாதவர் மேல் நம்பிக்கையை வளர்த்தது. மற்றொரு நாட்டில் அதே கருவி முகமறியாதவர் மேல் கொலைவெறியைத் தூண்டியது. கருவி நல்லதா தீயதா என்று வழக்காடிப் பயனில்லை என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் செய்தி விரைவாகவே சென்றது. ஆனால் வாக்குச் சீட்டுக்கு ஓர் உறை இருந்தது. அதன் மேல் பெயரும் தொகுதியும் இருந்தன. அதைப் பெற்று எண்ணுவதற்குச் சட்டம் வகுத்த அதிகாரியும், பார்த்திருக்கக் கட்சிகளின் முகவர்களும் இருந்தனர். பிள்ளை பிடிப்போர் பற்றிய செய்திக்கோ அனுப்பியவர் பெயரில்லை. நடந்த ஊர் பெயரில்லை. உண்மையா என்று கேட்டுப் பார்க்க ஒருவரும் இல்லை. கேட்டதற்கும் கை ஓங்கியதற்கும் இடையே இருந்திருக்க வேண்டிய இடைவெளி அங்கே இல்லாமற் போயிற்று. மக்களாட்சி என்பது அந்த இடைவெளியின் மறுபெயர்.

இவ்வரலாற்றில் பினாங்கு மாநிலத்திற்குத் தனி இடம் உண்டு. 1972இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் இண்டெல் நிறுவனம் தன் நாட்டிற்கு வெளியே முதல் தொழிற்சாலையை அவ்வாண்டு அங்கேதான் அமைத்தது. பெருநிலத்தில் பிறையிலும் தொழிற்பேட்டை எழுந்தது. பால்மரக் காட்டையும் செம்பனைத் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பங்களின் பெண் மக்கள், விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தேறிச் சென்று, கண் எரிய உருப்பெருக்கியின் முன் அமர்ந்து, நகக்கண் அளவான சில்லுகளில் மயிரிழைக் கம்பிகளைப் பொருத்தினர். உலகத்தை ஒரு வலையாகப் பின்னிய கணினிகளின் உள்ளே இந்த மாநிலத்து உழைப்பாளரின் கைவேலை இருந்தது. அந்த வலை தங்கள் வாழ்வையே மாற்றப் போகிறது என்பதை அவர்கள் அன்று அறிந்திருக்கவில்லை.

இணையம் இந்நாட்டின் அரசியலில் புகுந்ததற்குக் கதவு திறந்துவிட்டதும் அரசேதான். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி நாளேடுகள் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்த விதி 2012இல்தான் நீங்கியது. 1987இல் மூன்று நாளேடுகளின் உரிமம் ஒருங்கே நிறுத்தப்பட்டதை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் 1996இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியபோது, உலக முதலீட்டாளரை ஈர்க்கும் பொருட்டு இணையத்தில் தணிக்கை இராது என்று அரசு வாக்களித்தது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்திலும் அவ்வுறுதி எழுதப்பட்டது. வணிகத்திற்கென்று திறந்த கதவின் வழியே கருத்தும் நுழைந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கப்பட்டதும் சீர்திருத்தக் குரல் எழுப்பிய இணையத்தளங்கள் பல தோன்றின. அப்போது கணினி உள்ள வீடுகள் குறைவு. எனினும் ஒருவர் இறக்கிய பக்கத்தைப் படியெடுத்துப் பத்துப் பேர் படித்தனர்; பத்துப் பேர் படித்ததைத் தேநீர்க் கடையில் நூறு பேர் விவாதித்தனர். 1999 நவம்பரில் ஸ்டீவன் கான், பிரமேஷ் சந்திரன் ஆகியோர் மலேசியா கினி என்னும் இணைய நாளேட்டைத் தொடங்கினர்.

தமிழும் இவ்வேளையில் வாளா இருக்கவில்லை. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு என்னும் தமிழ் எழுத்துச் செயலியை உருவாக்கியிருந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றி வழிகாட்டினார். இவர்களைப் போன்றோர் எழுத்துருவோடும் விசைப்பலகையோடும் போராடியதன் பயன், பின்னாளில் ஆங்கிலமறியாத தொழிலாளியும் தன் குறையைத் தன் மொழியிலேயே கைப்பேசியில் எழுத முடிந்தது. மொழியின் நிலை பேசும்போது இலக்கியத்தை எண்ணுவது வழக்கம். ஒருவன் தன் உரிமையைத் தன் எழுத்தில் கேட்க முடிகிறதா என்பதும் மொழியின் நிலையே ஆகும்.

அக்குரல் ஒரு நாள் வீதியில் எழுந்தது. 2007 நவம்பர் 25 அன்று, இண்ட்ராப் அமைப்பின் அழைப்பை ஏற்றுப் பல்லாயிரம் தமிழர் கோலாலம்பூரில் திரண்டனர். கண்ணீர்ப் புகையும் நீர்ப்பீரங்கியும் அவர்களை எதிர்கொண்டன. அக்காட்சி மறுநாள் நாளேட்டுக்குக் காத்திருக்கவில்லை. குறுஞ்செய்தியாகவும் இணையத்து ஒளிப்படமாகவும் அன்றே தோட்டப்புறங்களையும் எட்டியது. மூன்று திங்கள் கழித்து, 2008 மார்ச் 8 அன்று நடந்த பொதுத்தேர்தலில், முந்திய தேர்தலில் 219 இடங்களில் 198ஐ வென்றிருந்த தேசிய முன்னணி 222இல் 140 இடங்களோடு நின்றது. 1969க்குப் பின் ஆளுங்கூட்டணி மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையை இழந்தது அதுவே முதன்முறை. பினாங்கில் ஆட்சி மாறியது. பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் அதுவரை மாநில முதலமைச்சராக இருந்த கோ சூ கூனைப் பேராசிரியர் ப. இராமசாமி வென்றார். பிறை சட்டமன்றத் தொகுதியையும் அவரே வென்று, மாநிலத்தின் இரண்டாம் துணை முதலமைச்சர் ஆனார். இணையத்தைப் பொருட்படுத்தாது நாளேடுகளையும் தொலைக்காட்சியையும் நம்பியிருந்தது பெரும் பிழை என்று பிரதமர் அப்துல்லா அகமது படாவி பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

இவையெல்லாம் இணையம் ஈந்த நன்மைகள். வாய் மூடியிருந்தோர் வாய் திறந்தனர். கேளாச் செவிகள் கேட்டன. இதனை மறுப்பது நன்றி மறப்பதாகும். தமிழ்நாட்டிலும் 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காகச் சென்னை மெரினாவில் திரண்ட இளைஞரை அழைத்தது எந்தத் தலைவரும் அல்லர், கைப்பேசிதான். இலங்கையில் 2022இல் உணவும் எரிபொருளும் இன்றி வாடிய மக்கள், இனவேறுபாட்டைக் கடந்து காலிமுகத்திடலில் கூடியதற்கும், குடியரசுத் தலைவரே அவ்வாண்டு சூலையில் நாட்டை விட்டு வெளியேறியதற்கும் சமூக ஊடகம் துணை நின்றது.

ஆனால் அதே இலங்கையில், 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் இசுலாமியர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, வெறுப்பைப் பரப்பியதும் சமூக ஊடகம்தான். அரசு ஏறத்தாழ ஒரு வாரம் அவற்றை முடக்கி வைத்தது. தன் தளம் அங்கே தவறாகப் பயன்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. மியன்மாரில் ரோகிங்கியா மக்கள் மீது வெறுப்பு பரவியதில் முகநூலுக்கு இருந்த பங்கை ஐ.நா. உண்மையறியும் குழு 2018இல் சுட்டிக்காட்டியது. ஒரு கடைத்தெரு எரிவதற்குத் தேவையான சொல்லை ஒருவன் அறையில் அமர்ந்தபடியே தட்டச்சு செய்துவிடலாம் என்னும் நிலை, அண்டை வீட்டாரோடு இனம் கலந்து வாழும் எந்த நாட்டிற்கும் அச்சமூட்டுவதே.

மலேசியாவும் அந்த அச்சத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. 18 வயதில் வாக்குரிமை தரும் அரசமைப்புத் திருத்தம் 2019 சூலையில் மக்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. தானாகவே வாக்காளராகப் பதிவு பெறும் முறையும் உடன் வந்தது. அதனால் 2018இல் ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் 2 கோடியே 11 இலட்சத்தைக் கடந்தது. இளையோர் பெருந்தொகையாக வந்தனர்; அவர்களைத் தேடி அரசியல் டிக் டாக்கிற்கு வந்தது. எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மை கிடைக்காது நாடு காத்திருந்த அந்த நாட்களில், 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி மிரட்டும் ஒளிப்படங்கள் அதில் பரவின. காவல் துறை எச்சரித்தது. நிறுவனமும் பல பதிவுகளை நீக்கியது. பரப்பியோருள் பலர் அக்கலவரத்திற்குப் பல ஆண்டு பின்னர்ப் பிறந்த இளையோர். அந்நாளின் அச்சத்தை அறிந்த தாத்தாவும், அதை விளையாட்டாகப் பரப்பிய பேரனும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கலாம். இருவரும் அதுபற்றிப் பேசிக்கொள்ளவில்லை என்பதே இக்காலத்தின் துயரம்.

அப்படிப் பேச்சு அற்றுப் போனதற்குக் காரணமும் கருவியின் அமைப்பிலேயே உள்ளது. நாளேடு ஒன்றை வாங்கிய ஆயிரம் பேருக்கும் முதற்பக்கம் ஒன்றே. உடன்படுவோரும் மறுப்போரும் ஒரே செய்தியைப் படித்துவிட்டுத்தான் வழக்காடினர். சமூக ஊடகத்தில் ஆயிரம் பேருக்கு ஆயிரம் முதற்பக்கங்கள். எது ஒருவரின் கண்ணை நெடுநேரம் பிடித்து வைக்குமோ, அதையே கணினி முன்னிறுத்துகிறது. சினமும் அச்சமும் கண்ணை நன்றாகப் பிடித்து வைக்கும் என்பதால் அவையே மேலே மிதக்கின்றன. பார்ப்பவர் கணினியைப் பார்க்கிறார். கணினியோ பார்ப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கேம்பிரிட்ஜ் அனாலிட்டிக்கா என்னும் நிறுவனத்திடம் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரையிலானோரின் முகநூல் விவரங்கள் முறையின்றிச் சென்றிருக்கலாம் என்பது 2018இல் வெளிப்பட்டபோது, வாக்காளர் மனத்தை அளந்து விற்கும் வாணிகம் நடப்பதை உலகம் அறிந்தது. வாக்குச் சாவடியின் மறைப்பு, வாக்காளரைப் பிறர் காணாமல் இருக்க வைக்கப்பட்டது. அந்த மறைப்பிற்குள் நுழையுமுன்னரே அவர் முழுமையாகக் காணப்பட்டுவிடுவாராயின் மறைப்பால் ஆவதென்ன?

கருவி கைக்கு எட்டாதோர் நிலையையும் மறத்தலாகாது. 2020இல் சபாவின் உட்புறத்தில் ஒரு மாணவி, இணைய அலை கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி அமர்ந்து தேர்வெழுதிய செய்தி நாட்டை உலுக்கியது. கல்வியும் அரசும் வணிகமும் இணையத்திற்குள் குடிபெயரும்போது, இணைப்பில்லாதவர் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் ஆகிறார்.

இத்தனையும் இருக்கும்போதே அடுத்த அலை வந்துவிட்டது. மெய்போலத் தோன்றி மெய்யல்லாத ஓர் உலகத்தைக் கண்முன் விரிக்கும் மெய்ந்நிகர்க் கலையே அது. தலையில் அணியும் காட்சிக் கருவியை ஐவன் சதர்லேண்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 1968இலேயே செய்து காட்டினார். அக்கருவி கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய அளவு கனமாயிருந்தது. இன்று அது மூக்குக்கண்ணாடியின் பெருக்கமாகிவிட்டது. 2021 அக்டோபரில் முகநூல் நிறுவனம் தன் பெயரையே மெட்டா என மாற்றிக்கொண்டு, மக்கள் கூடி வாழப் போவது இவ்வுலகத்தில்தான் என்று அறிவித்தது. இதிலும் நன்மை உண்டு. அறுவை மருத்துவம் கற்போர் உயிருள்ள உடலைத் தொடுமுன் இதில் பழகுகின்றனர். கடாரத்தின் தொன்மையைப் பாடநூலில் மட்டும் படித்த மாணவன், பூசாங் பள்ளத்தாக்கின் கோயிலடியில் நிற்பதுபோல் நின்று காணவும் கூடும்.

ஆனால் கண்ணால் கண்டேன் என்னும் சான்று இனி என்னவாகும்? 2018இல் மறைந்த கலைஞர் மு. கருணாநிதி, 2024 சனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாத் திரையில் தோன்றிப் பேசினார். செயற்கை நுண்ணறிவு அவர் உருவையும் குரலையும் வனைந்திருந்தது. அது வனையப்பட்டது என்று அவையோர் அறிந்திருந்ததால் அங்கே ஏமாற்று இல்லை. அதே கலை அறிவிப்பின்றிப் பயன்பட்டால், சொல்லாத சொல்லைத் தலைவர் சொன்னதாகவும் செய்யாத செயலை அயலார் செய்ததாகவும் வாக்களிப்பின் முதல் நாள் இரவில் காட்டிவிடலாம். மறுப்பு வருமுன் வாக்கு எண்ணி முடிந்திருக்கும். இதனினும் கொடியது ஒன்று உண்டு. பொய்ப்படம் பெருகப் பெருக, மெய்ப்படத்தையும் பொய் என்று தள்ளிவிடக் குற்றவாளிக்கு வழி பிறக்கும். போளூருக்கு அருகே அக்கூட்டத்தை மயக்கியவை எழுத்தும் பழைய படங்களுமே. அவர்கள் கண்முன் பிள்ளையைத் தூக்கிச் செல்லும் காட்சியே மெய்போல விரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் நெஞ்சம் நடுங்குகிறது.

சட்டத்தால் இதைத் தடுக்கலாம் என்பர். சட்டம் வேண்டியதே. ஆனால் எது பொய் என்று சொல்லும் அதிகாரம் ஆளுவோர் கையில் மட்டும் இருக்குமானால், அவர்க்கு உவப்பில்லாத மெய்யும் பொய்யாகிவிடும். 2018 ஏப்ரலில், தேர்தலுக்குச் சில கிழமைகளே இருந்த வேளையில், பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது; மக்கள் அதை ஐயுற்றனர்; ஆட்சி மாறிய பின் 2019இல் அது நீக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில், வாசகர் சிலர் எழுதிய கருத்துகளுக்காக மலேசியா கினிக்குக் கூட்டரசு நீதிமன்றம் 5 இலட்சம் ரிங்கிட் தண்டம் விதித்தது. சில மணி நேரத்தில் பொதுமக்களே அத்தொகையைத் திரட்டித் தந்தனர். நாட்டில் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட பயனாளரைக் கொண்ட சமூக ஊடக நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2025 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பெருநிறுவனங்களைப் பொறுப்பேற்கச் செய்வது நன்றே. அந்த உரிமம் மற்றொரு 1984 ஆகிவிடாமல் காப்பது மக்களின் விழிப்பைப் பொறுத்தது.

கருவியின் அமைப்பையே திருத்திப் பார்த்த நாடுகளும் உண்டு. எஸ்தோனியா 2005 முதல் இணையவழி வாக்களிப்பை நடத்துகிறது. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் அவ்வழியே பதிவாயின. அங்கே ஒருவர் வாக்களிப்புக் காலத்திற்குள் தம் வாக்கை மாற்றிப் பதியலாம். இறுதியாகப் பதிந்ததே கணக்கில் சேரும். மிரட்டலுக்கு அஞ்சி அளித்தவரும் பிறகு மனம்போல மாற்றிக்கொள்ள அம்முறை இடந்தருகிறது. தைவானில், வாடகைக் கார் சேவையை நெறிப்படுத்துவது பற்றி 2015இல் பொதுமக்கள் கருத்தைக் கேட்டபோது, போலிஸ் என்னும் இணையக் கருவி பயன்பட்டது. அதில் ஒருவர் கருத்துக்கு மற்றவர் உடன்படலாம், மறுக்கலாம். பதிலுக்குப் பதில் எழுத இடமில்லை. வசைக்கு வழி அடைபட்டதால் பலரும் உடன்படும் கருத்துகள் மேலெழுந்தன. விரைவைக் குறைத்தால் அறிவு கூடுகிறது என்பதற்கு இவை சான்று. பொய்ச் செய்திக் கொலைகளுக்குப் பின் வாட்ஸ்அப் நிறுவனமும் 2018 சூலையில் இந்தியாவில், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்பாதபடி வரம்பு கட்டியது. 2019 சனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் விரிந்தது.

தமிழர்க்கு இந்நெறி புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டினவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. இன்றைய பொருளில் அது அனைவர்க்குமான ஆட்சியன்று. ஆயினும் அதன் நடைமுறை கருதத் தக்கது. அவையோர் காணக் குடம் உயர்த்திக் காட்டப்படும். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஓலை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்றுப் படிப்பார். பின் அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதனைப் படிப்பர். அதன் பிறகே பெயர் எழுதப்படும். ஒருவர் படித்ததை எல்லோரும் படித்துத் தெளிந்த பின்னரே அது உண்மையாக ஏற்கப்பட்டது. விரித்த ஐந்து விரலில் ஒளிக்க ஏதுமில்லை.

இன்று அந்த விரிந்த கையைப் பயிற்றும் கடமை வீட்டிற்கும் பள்ளிக்கும் உரியது. தமிழ்ப்பள்ளிகளில் கணினி அறைகள் திறக்கப்படுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் விசையைத் தட்டக் கற்பிக்க ஆசிரியர் தேவையில்லை; அதைப் பிள்ளைகள் தாமே கற்றுவிடுகின்றனர். விசையைத் தட்டாமல் நிறுத்தக் கற்பிக்கவே ஆசிரியர் தேவை. கருத்துணர் பாடத்திற்குக் கதையும் கட்டுரையும் தருவதுபோலப் புலனத்தில் வந்த ஒரு செய்தியையும் வகுப்பில் தரலாம். இதைச் சொன்னவர் யார்? எங்கு, என்று நடந்தது? நேரில் கண்டவர் உண்டா? இதனால் யாருக்குத் தீங்கு வரும்? இந்நான்கு வினாக்களைப் பத்து வயதுப் பிள்ளை கேட்கப் பழகிவிட்டால், வீடு திரும்பியதும் தன் தாத்தாவிடமும் அதையே கேட்கும். சொல்பவரைப் பார்த்து மயங்காது சொல்லப்பட்ட பொருளைப் பார்க்கச் சொன்ன வள்ளுவரை மனப்பாடம் செய்வதன் பயனும் அதுவே.

இந்நாட்டில் 2013 பொதுத்தேர்தல் முதல் வாக்காளரின் விரலில் மை இடப்படுகிறது. ஒருவர்க்கு ஒரு வாக்கு என்பதற்கு அது அடையாளம். அந்த விரல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மையில் தோய்கிறது. அதே விரல் நாள்தோறும் நூறு முறை கைப்பேசித் திரையைத் தொடுகிறது. வாக்களிக்கும் நாளில் வரிசையில் நின்று, பெயர் சரிபார்த்து, தனித்து நின்று எண்ணிக் குறியிடும் பொறுமையை மக்கள் காட்டுகின்றனர். அப்பொறுமையில் ஒரு சிறு பங்கை மற்ற நாட்களிலும் ஒவ்வொரு செய்திக்கும் தருதல் வேண்டும். மை அழிந்துவிடும், அனுப்பிய சொல் அழிவதில்லை.